புத்தகம் விற்க ஒரு பிரிவு

"நாம ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோம்னு ஒரு நியூஸ் உட்டா இன்னா ஷோபா?"

கோகுல்நாத் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். அவர் மனைவி ஷோபனா, கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்த புத்தகங்களைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நூம்பலில் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அந்தக் கட்டுகளின் மேல்தான் உட்கார்ந்தார்கள்.

கோகுல்நாத் இசை உலகத்தில் பெரிய மக்கள் தொடர்பாளர். அதாவது, பாட்டு வெளிவருவதற்கு முன்பே அது ஹிட் என்று எழுதத் தெரிந்தவர். தீராத சளி பிடித்த பாடகரைக் 'கரகரப்பான காந்தக் குரல்' ஆக்கியவர். ஓர் ஆல்பம் படுத்துவிட்டால், பாடகிக்கும் இசையமைப்பாளருக்கும் காதல் என்று கிளப்பிவிடுவார். விற்றுத் தீர்ந்ததும், 'நாங்கள் அண்ணன் தங்கை போல' என்ற மறுப்பையும் அவரே எழுதிக் கொடுப்பார்.

ஊராருக்கு எழுதியது போதும், இனி நம் பெயரில் எழுதுவோம் என்று அவர் எழுதிய முதல் புத்தகம் 'சுருதி பிசகாத இல்லறம்'. ஷோபனாவோடு தான் நடத்திய வாழ்க்கையின் கதை. வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் சால்வை போட்டார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். புத்தகத்தை யாரும் தொடவில்லை. இது ஓடாவிட்டால் அடுத்த புத்தகம் என்ற பேச்சே வேண்டாம் என்று பதிப்பாளர் லோகநாதன் சொல்லிவிட்டார். பழைய தொழிலுக்கும் திரும்ப முடியாது. பாடகர்கள் இப்போது தங்கள் புகழைத் தாங்களே செல்போனில் பாடிக்கொள்கிறார்கள்.

"நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போயிடு. நான் சோகமா ஒரு போஸ்ட் போடறேன். பொண்டாட்டியே உட்டுட்டுப் போய்ட்டாளாமே, அப்படி இன்னாதான் எழுதிக்கீறான்னு ஜனம் வாங்கும். அப்பறமா சேர்ந்துக்கலாம்."

ஷோபனா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உங்க புத்தகத்தை நேத்துதான் முழுசா படிச்சேன். கார்த்திகா பிறந்த அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, நல்லாக்கீதா?"

"அன்னிக்கு நீங்க கோயம்புத்தூர்ல பாட்டு வெளியீட்டு விழாவுல இருந்தீங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நர்ஸம்மா."

"நர்ஸம்மாவ எழுதுனா எவன் படிப்பான்?" என்று கோகுல்நாத் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சரி, போகிறேன் என்றாள்.

அதன் பிறகு அவள் காட்டிய ஈடுபாட்டில் கோகுல்நாத் சொக்கிப்போனார். ரெண்டு புடவை எடுத்துப்போனால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். அவளோ குட்டியானை வண்டி பிடித்து, தையல் மெஷின், இட்லிப் பானை, படித்த சர்டிபிகேட்டுகள் என்று ஏற்றினாள். எதிர்வீட்டு வரலட்சுமி பார்க்க வேண்டும் என்றே பட்டப்பகலில் கிளம்புகிறாள் என்று அவர் மெச்சிக்கொண்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் கார்த்திகா போன் செய்து அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பெற்ற மகளிடம்கூட ரகசியத்தை உடைக்காத மனைவியின் தொழில் பக்தியை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. இவளை இத்தனை வருஷம் அடுப்படியில் போட்டு வைத்துவிட்டோமே, ஏதாவது சீரியலில் சேர்த்துவிட்டிருக்கலாமே என்று வருந்தினார்.

'என் வீணையில் இன்று தந்தி இல்லை' என்று போஸ்ட் போட்டார். முன்பு ஒரு பாடகரின் கச்சேரி ரத்தானபோது எழுதிய அதே வரிதான். யாருக்கு நினைவிருக்கப்போகிறது?

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கூடத்தில் தரை தெரிந்தது. லோகநாதன் இரண்டாம் பதிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு, சூட்டோடு சூடாகத் தம்பதி சேர்கிற வீடியோவையும் போட்டுவிடச் சொன்னார். அது வந்தால்தான் அடுத்த புத்தகத்துக்கு ஒப்பந்தம் என்றார்.

கோகுல்நாத் போனில் கேட்டபோது ஷோபனா மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுக்கும் எழிலைக் காரில் ஏற்றிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டையில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போனார். ஷோபனாவின் அப்பா ஃபேக்டரி வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிக் கட்டிய வீடு அது. பட்டுப்புடவையும் பூவுமாக அவள் தயாராக இருந்தாள்.

கேமரா ஓடியது. வாசலில் அவர் தலைகுனிந்து நின்றார். அவள் மெல்லப் படியிறங்கி வந்து அவர் தோளில் சாய்ந்தாள்.

"நீங்க இல்லாம எனக்கு ஏதுங்க வாழ்க்கை?"

சொல்லிக்கொடுக்காத கண்ணீர் ஒரு சொட்டு, விழ வேண்டிய நேரத்தில் விழுந்தது. எழில்கூட மூக்கை உறிஞ்சினான். வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள் கைதட்டினார்கள். கோகுல்நாத் ஆள் பிடித்து வைக்காமல் கேட்ட முதல் கைதட்டல் அது.

எழில் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கேமராவைக் காரில் வைக்கப் போனான்.

"பின்னிட்டே ஷோபா" என்றார் கோகுல்நாத். "உன் சாமானெல்லாம் நாளைக்கு வண்டி அனுப்பி எடுத்துக்கலாம். இப்ப ஏறு, ஊட்டுக்குப் போலாம்."

ஷோபனா அவர் தோளிலிருந்து நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கிளம்புங்க. உங்க அடுத்த புத்தகம் நல்லபடியா வரட்டும்" என்றாள். "உங்க விளம்பரத்துக்காக நான் நடிச்சது இன்னிக்கு மட்டும்தாங்க."