மழையைப் பற்றி ஒரு வரி

சிவப்புப் புள்ளி எரிய ஆரம்பித்ததும் ரீத்தா செல்போனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இனி இருபது நிமிடம் நிறுத்தக் கூடாது. வெட்டி ஒட்டிய வீடியோ செல்லாது. மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் நான்கு வருடப் படிப்பும் போயிற்று. ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது.

மணி நான்கு.

கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சிங் கல்லூரியில் அவள் ஆசிரியை. நோயாளியைக் கவனிக்க மாணவிகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில், எங்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆன்லைன் வழியாக டாக்டர் பட்டம் படிக்கிறாள். நாற்பத்து மூன்று வயதில். ஊசி போடுறதுக்கு எதுக்குங்க டாக்டர் பட்டம் என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். கணவன் டேவிட் சிரிக்கவில்லை. கேட்பதையே விட்டுவிட்டான்.

ஆசிரியை ஆவதற்கு முன்னால் ரீத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஏன் விட்டாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

வீடியோவில் ஒருத்தி நோயாளியாக நடிக்க வேண்டும். ஒரு மாணவி அவளைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு முறையும் மாணவிகளையே படுக்கவைத்துப் பார்த்தாள். பாதியில் சிரித்துவிட்டார்கள். அதனால்தான் கேன்டீனில் பாத்திரம் கழுவும் பூமாலையைக் கூப்பிட்டாள். கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பது வயதிருக்கும். சிரிக்காத முகம். படுத்துக்கினே சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீதாங்க்கா என்று மாணவி தேவிப்ரியா கிண்டல் பண்ணியபோதும் சிரிக்கவில்லை.

பூமாலைக்குப் படிக்கத் தெரியாது. மதியம் ரீத்தாதான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். பிள்ளை பெற்று ஒரு மணி நேரம் ஆனவள். குளிர்கிறது என்பாள். தாகம் என்பாள். போர்வை கேட்பாள். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்பாள்.

மழை வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள் பூமாலை.

மனப்பாடம் பண்ணுகிறாள் என்று ரீத்தா நினைத்தாள்.

இப்போது கட்டிலில் பூமாலை நடுங்கினாள். சொல்லிக்கொடுத்ததைவிட அதிகமாகவே நடுங்கினாள். தண்ணீர் கேட்டாள். போர்வை கேட்டாள். தேவிப்ரியா ட்ரேயில் இருந்த கையுறை, பஞ்சு, மாஸ்க் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகப் போர்வையைத்தான் எடுத்தாள்.

ரத்தம் போவதால் வருகிற குளிர் அது. போர்த்திவிட்டால் அடியில் போகிற ரத்தம் தெரியாது. நான்கு வருடமாக ரீத்தா படித்ததும் எழுதியதும் அந்த ஒரு போர்வையைப் பற்றித்தான்.

"வெளிய மழ பெய்யுதா சிஸ்டர்?"

தேவிப்ரியா ஜன்னலைப் பார்த்தாள். சுள்ளென்று வெயில். போர்வை அவள் கையிலேயே நின்றது. ரத்தம் குறையக் குறையக் காதுக்குள் மழை மாதிரி இரைச்சல் கேட்கும் என்று வகுப்பில் சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். போர்வையைக் கீழே வைத்தாள். வயிற்றில் கை வைத்து அழுத்தினாள். துணியை விலக்கிப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

ரீத்தா மூச்சு விட்டாள்.

ஒரே ஒரு கட்டம் பாக்கி. நோயாளியாக நடித்தவள் எழுந்து உட்கார்ந்து, தன்னைக் கவனித்த விதம் எப்படி இருந்தது என்று மாணவியிடம் மனசு விட்டுச் சொல்ல வேண்டும். அது இல்லாத வீடியோவை ஏற்கமாட்டார்கள்.

பூமாலை எழுந்து உட்கார்ந்தாள். 

அப்புறம் தேவிப்ரியாவின் கையைப் பிடித்து, நீ தொட்டுப் பாத்தம்மா, நல்லா இருப்ப என்றாள். அந்தக் கையை விடாமலே செல்போனைத் தாண்டி ரீத்தாவைப் பார்த்தாள்.

"மழ பெய்யுதான்னு எந்தங்கச்சி கேட்டா டீச்சர், புள்ள பெத்த அன்னிக்கு. நாலு வருசம் ஆவுது. ரூமுல நானு, அவ, அந்த சிஸ்டரு, மூணே பேருதான். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தேவிப்ரியாதான் மெல்லக் கேட்டாள், அந்த சிஸ்டர் யாரென்று.

யாரு கண்டா, கொரோனா நேரம், மாஸ்க்கு போட்டுக்கினு இருந்துது, கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது என்றாள் பூமாலை. குளுருதுன்னு சொன்னதும் நல்லா இழுத்துப் போத்திவுட்டுட்டுப் போச்சு, அன்னிக்கே அவ செத்துட்டா என்றாள்.

இந்த நோயாளியின் கதை எங்கிருந்து கிடைத்தது என்று பல்கலைக்கழகப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கற்பனை என்று ரீத்தா நிரப்பியிருந்தாள்.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

வீடியோவைப் பார்க்கப்போகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. பேசுவதை ஆங்கிலத்தில் அடியில் போடப்போவதும் அவள்தான். என்ன வேண்டுமானாலும் போடலாம். ஏதோ புத்தகத்தில் படித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூமாலை தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஆறு மணிக்குள் அனுப்பிவிடலாம்.

 

பூமாலை காத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த மூன்று மாதமும் மாஸ்க் இல்லாத ரீத்தாவின் முகத்தைத் தினம் பார்த்தவள்.

ரீத்தா ட்ரேயிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்தாள். இரண்டு காதிலும் மாட்டினாள். மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டாள்.

செல்போனை நிறுத்தவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு நேர் எதிரே, ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள்.