புல்லுக்கட்டு

"அர்த்தநாரி ஊடு இதுதானுங்களா?"

வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முத்தாத்தாள் கையிலிருந்த பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

காக்கி வரும் என்று அவளுக்கு முன்பே தெரியும். போலீஸ் டிரெயினிங் காலேஜில் சேர்ந்திருக்கும் பையன்களின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்கள் என்று மகன் சொல்லித்தான் போயிருந்தான். ஆனால் ஸ்டேஷனில் இத்தனை பேர் இருக்க, இந்த ஏட்டு காளிச்சாமியா வந்து நிற்க வேண்டும்?

"இதுதானுங்க. உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள்.

கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்திலிருந்து சப் இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வான முதல் பையன் அர்த்தநாரி. சித்தூரில் பி.ஏ. படித்து, பரீட்சை எழுதி, விடிகாலையில் வாய்க்கால் மேட்டில் ஓடி ஓடிப் பழகி வாங்கிய வேலை. இப்போது காலையில் டிரில், பகலில் சட்டப் பாடம். போன மாதம் லீவில் வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு சேதி சொன்னான். டிரெயினிங்கில் கூட இருந்த உடும்பஞ்சோலைப் பையன் ஒருவனை மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவன் அண்ணன் பேரில் ஏலக்காய் கடத்திய கேஸ் இருந்ததாம். வீட்டில் ஒருத்தர் பேரில் கறை இருந்தாலும் வேலை போய்விடுமாம்.

"நமக்கென்னம்மா பயம்? பால் வித்துப் படிக்க வெச்ச ஊடு" என்று சொல்லிச் சிரித்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். முத்தாத்தாள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

பால் விற்றது பொய்யில்லை. ஆனால் இரண்டு எருமையின் பாலில் யாராவது பி.ஏ. முடிக்க முடியுமா? எழுபத்து நாலில் அரிசிப் பஞ்சம் வந்து, எல்லை தாண்டி அரிசி கொண்டுவரத் தடை இருந்தபோது, புல் அறுக்கப் போகிறேன் என்று எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போவாள். திரும்பும்போது தலையில் புல்லுக்கட்டு, கட்டுக்குள் விற்பதற்கு அரிசி. செக்போஸ்ட்காரர்கள் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். மாட்டுத் தீனியைப் பிரித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஒரு நாள் ஒருவருக்குத் தோன்றிவிட்டது. வாய்க்கால் மேட்டில் அவளுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம். திரும்பினால் இந்தக் காளிச்சாமி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தொந்தி குலுங்க ஓடி வருகிறார். ஏதோ சொல்லிக் கூப்பிட்டதும் காதில் விழுந்தது. நின்று கேட்க அவளுக்கென்ன பைத்தியமா? புல்லுக்கட்டை வாய்க்காலில் தள்ளிவிட்டுக் கரும்புக் காட்டுக்குள் புகுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எல்லைப் பக்கமே போகவில்லை. ஆனாலும் காக்கியை எங்கே கண்டாலும் வேறு வழியில் திரும்பிவிடுவாள்.

தன் முகத்தை அன்று அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று இப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, காளிச்சாமி காகிதத்தை விரித்து எழுத ஆரம்பித்தார். பையனின் அப்பாவைக் கேட்டார். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார் என்றாள். கட்சிக் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்கள் வீட்டில் உண்டா என்றார். இல்லை என்றாள்.

"கேஸ், கோர்ட்டுன்னு ஏதாச்சும்?"

"சாமி புண்ணியத்துல ஒண்ணுமில்லீங்க."

அவர் தலையைத் தூக்கி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொட்டகையில் எருமைகளுக்கு முன்னால் கிடந்த பச்சைப் புல்லைப் பார்த்தார்.

"புல்லு எங்கக்கா அறுக்கறீங்க?"

"இங்கதானுங்க, வரப்புல."

"எல்லைக்கு அந்தப் பக்கம் போறதில்லீங்களா?"

"இல்லீங்க."

"முன்னாடி?"

பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. குற்றமுள்ள நெஞ்சு எத்தனை நேரம் தாங்கும்? மகன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி பஸ்ஸை விட்டு இறங்குவது அவள் கண் முன்னால் தெரிந்தது. அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அது நாந்தானுங்க. பையனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. பால் காசுன்னே நெனச்சுட்டிருக்கறான். என்னைய இப்பவே கூட்டிட்டுப் போங்க. அவன் என்ற பையனே இல்லீன்னு வேணும்னாலும் சொல்றனுங்க. அவன் வேலைல மட்டும் கைய வெச்சுராதீங்க."

காளிச்சாமி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எழுதியிருந்ததை நிதானமாக அவளுக்குப் படித்துக் காட்டினார். தாய் எருமை வளர்த்துப் பால் விற்பவர்; குடும்பத்தார் பேரில் குற்றம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

முத்தாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு என்னைய அப்பிடித் தொரத்துனீங்க?" என்று கேட்டாள்.

அவர் எழுந்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஊட்டுக்காரி புள்ள பெத்துக் கெடந்தாளுங்கக்கா, ரேஷன்ல வெறுங் கோதுமைதான். ஊரே திருட்டரிசி வாங்கித் திங்குது, இந்தக் காக்கிச் சட்டைக்கு மட்டும் ஒருத்தியும் விக்க மாட்டேங்கறா. கஞ்சிக்கு ரெண்டு படி வெலைக்குக் கேக்கலாம்னு கூப்பிட்டுட்டே ஓடியாந்தேன்; நீங்க அரிசியக் கட்டோட வாய்க்கால்ல தள்ளிட்டுப் போயிட்டீங்க."