வெள்ளை அடித்தது யார்?

காரின் உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளை. அண்ணன் பெனடிக்ட் ராத்திரி கண் விழித்து அடித்த மஞ்சள் நெருப்புப் படத்தில் ஒரு கொழுந்துகூடத் தெரியவில்லை.

டெய்சி கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள். பம்ப் கம்பெனியிலிருந்து வந்த அண்ணன் டிபன் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கார் இருந்த மேசைக்குப் போய்விட்டான்.

கார் என்றால் முழங்கை நீளம்தான், ரிமோட்டில் ஓடுவது. அதன் மேல்கூடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். பெனடிக்ட் உள்பக்கமாகத்தான் ஸ்ப்ரே அடிப்பான்; வெளிப்பக்கம் கறை படாமலிருக்க ஒரு மங்கலான மெல்லிய தாள் ஒட்டியபடியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ரேஸ்.

ஸ்ப்ரே டப்பாக்களை யாரும் தொடக் கூடாது. "நீயெல்லாம் அடிச்சா செவுத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு மாதிரி இருக்கும், போ அம்மணி" என்று டெய்சியைக் கிட்டேயே விடமாட்டான்.

மத்தியானம் அவன் இல்லாதபோது ஒரே ஒரு தரம் அமுக்கிப் பார்க்கத்தான் எடுத்தாள். ஓரமாக ஒரு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. அது தனியாகத் தெரியக் கூடாதென்று பக்கத்தில் அடித்தாள். பிறகு அதற்கும் பக்கத்தில். டப்பா தீர்ந்தபோது நெருப்பும் அணைந்திருந்தது.

"ஆரு இதுல வெள்ளை அடிச்சது?" பெனடிக்ட் திரும்பாமலே கேட்டான்.

டெய்சியின் வாய் தானாகத் திறந்தது. "பிந்து. மத்தியானம் வந்திருந்தா. நான் வேண்டாம்னுதான் சொன்னேண்ணா."

"அவளைக் கூப்புடு."

பக்கத்து வீட்டு பிந்து பாதி பின்னிய சடையோடு ஓடி வந்தாள். "ஏனுங்ணா, ரேஸ்ல வண்டி ஓட்டறதுக்கு ஆள் கெடைக்கலீங்களா?" என்று சிரித்தவள், வெள்ளையாகக் கிடந்த கூட்டைப் பார்த்ததும் அடங்கினாள்.

"இது நீ அடிச்சதாமா? டெய்சி சொல்றா."

பிந்து டெய்சியைப் பார்த்தாள். டெய்சி தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்ணா," என்றாள் பிந்து. "தெரியாம அடிச்சுப்போட்டனுங்க. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

டெய்சிக்குக் காது மடல் எரிந்தது. 'நாந்தான்' என்று சொல்ல நினைத்தாள். அண்ணன் கூட்டைக் கையில் எடுத்ததும் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

பெனடிக்ட் கூட்டைக் கவிழ்த்துப் பிடித்தான். வெளித்தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, சர்ரென்று உரித்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் நெருப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

"மஞ்சளுக்குப் பின்னாடி வெள்ளை குடுத்தாத்தான் கலர் தூக்கும். இன்னைக்கு வந்து அடிக்கலாம்னு வெச்சிருந்தேன்," என்றான் பெனடிக்ட். "திட்டே இல்லாம என்னைய விட நல்லா அடிச்சிருக்கற கண்ணு! இனிமே இந்த வேலை உனக்குத்தான். ஞாயித்துக்கெழமை நீயும் என்கூட ரேஸுக்கு வாற."

பிந்து விழித்தாள். மெல்ல டெய்சி பக்கம் திரும்பினாள்.

இப்போது 'நாந்தான்' என்று சொல்லலாம், யாரும் திட்டப் போவதில்லை. அதனாலேயே டெய்சியால் சொல்ல முடியவில்லை.

பெனடிக்ட் சிரித்துக்கொண்டே தங்கையின் தலையில் குட்டினான்.

"இவகிட்டக் கத்துக்க அம்மணி!"