அரை மாத்திரை

ரத்தக்கொதிப்பு பார்க்கும் பட்டை கையில் இறுகியது. டாக்டர் அதன் ரப்பர் பந்தை அமுக்கும் சத்தம் கதவுக்கு வெளியே நின்ற அவளுக்கும் கேட்டது.

உள்ளே ராணுவ டாக்டர்கள் மூன்று பேர். எதிரே நாற்காலியில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அவள் புருஷன். முன்னாள் ஹவில்தார் சிவனாண்டி.

எட்டு வருஷ வழக்கு இந்த ஒரு கைக்கு வந்து நின்றது.

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். சேரும்போது உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அனுப்பும்போது ரத்தக்கொதிப்பு என்று எழுதினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்கள்.

'பணியால் வந்ததும் அல்ல. பணியால் கூடியதும் அல்ல.'

வியாதி தெரிந்தபோது அவர் எல்லையில் இல்லையாம். அமைதிப் பகுதியில் இருந்தாராம். அமைதிப் பகுதியில் சிப்பாயின் ரத்தம் கொதிக்கக் கூடாது. மீறிக் கொதித்தால் அது அவன் வீட்டு ரத்தம்.

அந்த வரியால் ஊன ஓய்வூதியம் போனது. அவருக்கு அதுகூடப் பெரிதில்லை. அந்த வரியை அடிக்க வேண்டும். அவர்கள் கையாலேயே அடிக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு போட்டார். கடைசியில் தீர்ப்பாயம் மனம் இரங்கி, மறுபடி ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்றது.

மாத்திரை போட்டுக்கொண்டு போனால் வியாதி அடங்கிக் கிடக்கும். டாக்டர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பதினெட்டு நாளைக்கு முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதே மாதிரி அன்னைக்கும் இருக்கணும், ஒச்சம்மா."

அவள் ரத்தத் துண்டை வாங்கி அலசிப் போட்டாள்.

அன்றிலிருந்து அவருடைய கம்பங்கூழில் மாத்திரையைப் பொடித்துப் போட்டாள். முழுசாக இல்லை. அரை. அரை அவர் உயிருக்கு, மீதி அரை வழக்குக்கு. பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாது என்று நினைத்தாள், பாவி மகள்.

இன்று காலையும் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாதியைக் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"நூத்தி இருபத்தெட்டு, எண்பத்திரண்டு. நார்மல்."

அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். நிற்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கவைத்துப் பார்த்தார்கள். ரத்தம் பெட்டிப்பாம்பாய்க் கிடந்தது.

மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நடுவில் இருந்த டாக்டர் கேட்டார்.

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "பதினெட்டு நாளா ஒண்ணும் இல்லை, சார்."

டாக்டர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

"அப்ப உங்களுக்கு மாத்திரையே தேவையில்லை. வாழ்த்துகள்."

இப்படி ஒரு வாழ்த்து பகையாளிக்கும் வரக் கூடாது.

வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயடிக்குப் போனார். அவள் கிளார்க்கின் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஐயா, நான்தான் தெரியாம அரை மாத்திரை கலந்து குடுத்துட்டேன். அவருக்கு வியாதி இருக்குய்யா. உள்ள போய்ச் சொல்லுங்கய்யா."

கிளார்க் பேனாவை வைத்தான்.

"அரை மாத்திரைக்கு அடங்குறது ஒரு வியாதியாம்மா? இதச் சொன்னீங்கன்னா கேசு இன்னும் கீழ போயிரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க ஊர்ப்பக்கம் ராசையான்னு ஒருத்தர். இதே கொதிப்புதான். ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. பணியால வந்ததுன்னு அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. உங்களுக்கு இன்னும் ஒரு அப்பீல் இருக்கும்மா. போட்டீங்கன்னா ஆறு மாசத்துல மறுபடி கூப்பிடுவாங்க."

கெட்ட மனுஷன் இல்லை. வழி கேட்டு வந்தவளுக்குத் தெரிந்த வழியைச் சொன்னான்.

அவள் திரும்பினாள்.

பின்னால் அவர் நின்றிருந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறியிருந்தது. அவர் தூக்குவாளியை வாங்கித் திறந்தார். மீதிக் கூழை மோந்து பார்த்தார். புங்கமரத்தடியில் நிதானமாக ஊற்றினார்.

அவள் அடிக்குக் காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை.

"இனிமே கூழ நானே காச்சிக்கிறேன்" என்றார்.

"வேணாங்க. அந்தக் கேசு நாசமாப் போகட்டும். நீங்க இருந்தாப் போதும்."

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராசையாவுக்கு எந்தக் கை விழுந்துச்சு?"

ராசையாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் அவள்தான். பயந்தாவது போகட்டும் என்று உள்ளதைச் சொன்னாள்.

"வலது."

அவர் தலையாட்டிக்கொண்டார்.

பஸ் வந்தது. எப்போதும்போல அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். வழக்குக் காகிதக் கட்டை மடியில் கவிழ்த்துப் போட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கையெழுத்தில் பெயரின் முதல் எழுத்து கோணிக்கொண்டு வந்தது.

அதன் கீழே மறுபடி எழுதினார்.