மூன்றாவது பூட்டு

மத்தியானம் இரண்டரை மணிக்குத் தன் வீட்டு ஷெட்டுக்குள் தானே திருட்டுத்தனமாக நுழைந்து, ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் பதுங்கினார் டெய்லர்.

போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு காலத்தில் வாங்கிய கண்ணாடி. ஒரு மூலை உடைந்ததும் ஷெட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் ஓர் ஆள் தாராளமாக மறையலாம். நல்லவேளையாக அங்கே ஒரு ஸ்டூலும் கிடந்தது. முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, மெல்ல உட்கார்ந்தார்.

இன்றைக்குத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது.

அது கார் இல்லாத கார் ஷெட். உள்ளே இருப்பது ஒரே ஒரு சைக்கிள். தைத்த துணியெல்லாம் அதில்தான் வீடு வீடாகப் போகிறது. சைக்கிள் நின்றால் தொழில் படுத்துவிடும். ரெடிமேட் கடைக்காரன் அதற்காகத்தான் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறான்.

ஏற்கெனவே இரண்டு சைக்கிள் இதே இடத்திலிருந்து போயிருக்கின்றன. முதலாவது, ஷட்டரைத் திறந்துபோட்டுவிட்டு அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில். இரண்டாவதற்குச் சக்கரப் பூட்டு போட்டிருந்தார். வந்த மகராசன் பூட்டோடு சேர்த்து அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் விடுவாரா? தரையைக் கொத்தி, சிமெண்டில் இரும்பு வளையம் பதித்து, மூன்றாவது சைக்கிளை அதோடு சங்கிலியால் கட்டினார். ஷட்டருக்கு இடமும் வலமுமாக இரண்டு பூட்டு. சுவரில் சாக்கட்டியால் கொட்டை எழுத்தில் சட்டமும் எழுதினார்: 'பூட்டு. இழு. மறுபடியும் இழு.'

போன மாதம் திடீரென்று ஷட்டரின் நடுவிலும் ஒரு பூட்டு ஏறியது.

"ரெண்டு பூட்டும் நல்லாத்தானே இருக்கு, மூணாவது எதுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

காலம் கெட்டுக் கிடக்கிறது என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

அப்படியும் எவனோ வருகிறான். டெய்லர் புத்தி போகுமா? காலையில் துணி கொடுத்துவிட்டு வந்ததும் டயரையும் தரையையும் சேர்த்துச் சாக்கட்டியால் ஒரே கோடாக இழுத்துவிடுவார். இந்த வாரம் மூன்று நாளும், சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால், டயர்க் கோடு ஒரு பக்கம், தரைக் கோடு ஒரு பக்கம்.

எடுத்துப்போய்த் திரும்பவும் கொண்டுவந்து வைக்கிற திருடனை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கள்ளச்சாவி போட்டு ஒத்திகை பார்க்கிறான் என்று முடிவு கட்டினார்.

ஆகவே இன்றைக்குத் தூக்கத்தை விட்டார். பக்கத்துத் தெருவில் கோட்டுக்கு அளவு எடுத்து வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, தெருமுனையில் கால் கடுக்கப் பத்து நிமிடம் நின்று, திரும்பி வந்தார். ஷட்டர் பாதி திறந்து கிடந்தது. மனைவி பின்பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை படித்துப் படித்துச் சொல்லியும் இப்படித் திறந்துபோட்டால் திருடன் வராமல் என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தார்.

இதோ, செருப்புச் சத்தம். பழக்க தோஷத்தில் அவர் கை கழுத்துக்குப் போனது. எப்போதும் அங்கே தொங்கும் டேப்பைக் காணோம்.

கண்ணாடி ஓரமாக எட்டிப் பார்த்தார். மனைவி.

இருபது வருடமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மெதுவா மெதுவா என்று புலம்பியே வந்தவள். அவள் குனிந்து சங்கிலியைக் கழற்றினாள். கதவு இடித்துவிட்டது என்று சொன்ன முழங்கையில் புதிதாக இன்னொரு பிளாஸ்திரி. நாளைக் காலையில் கொடுக்க வேண்டிய துணி மூட்டையைக் கேரியரில் வைத்து இறுக்கினாள். சைக்கிளை வெளியே உருட்டினாள். ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

பூட்டினாள். இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். மூன்று பூட்டுக்கும் சட்டம் இம்மி பிசகவில்லை.

சைக்கிள் மணி தெருவோடு நகர்ந்து, முனையில் திரும்பி, மேட்டில் ஏறும் வரைக்கும் கேட்டது. அந்த மேட்டில் இப்போதெல்லாம் அவரே இறங்கித்தான் தள்ளுகிறார்.

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சைக்கிள் ஊர் சுற்றப் போயிருக்க, காலி ஷெட்டை மூன்று பூட்டு காவல் காக்கிறது, உள்ளே இவர். வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் மேடு ஏறிவிட்டாள் என்பதில் அப்படியொரு சந்தோஷம்.

சிரித்து ஓய்ந்து காலை நீட்டியபோது ஏதோ தட்டுப்பட்டது. தண்ணீர் பாட்டில். பக்கத்தில் முழங்கால் தைலம். அதற்கடியில் மடித்து வைத்த துண்டு. துண்டில் குண்டூசியால் குத்திய ஒரு காகிதம்.

சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

சைக்கிள் சீட்டுக்கு அடியில், ஸ்பேனர் பைக்குள், எட்டாக மடித்து அவர் ஒளித்து வைத்திருந்த டாக்டர் சீட்டு. 'ஆறு மாதத்துக்குச் சைக்கிள் மிதிக்கவே கூடாது.' தேதி போன மாதம். அதை வாங்கி வந்த அன்று சாயங்காலம்தான் மூன்றாவது பூட்டையும் வாங்கி வந்தார்.

அடியில் அவருடைய பென்சிலாலேயே மனைவி எழுதியிருந்தாள்.

'டேப்பை மெஷின் மேலேயே விட்டுட்டு யாருக்கு அளவெடுக்கப் போனீங்க? தைலம் தேச்சுக்கிட்டு உட்கார்ந்திருங்க. அஞ்சு மணிக்கு வந்து திறக்கிறேன்.'