எழுந்து எழுந்து போனவள்

"மகாராணி எழுந்தாச்சு!"

பட்டன் தைப்பவள் சொன்னதும் தையல் கம்பெனியின் அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆனால் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் தையல் கோணிவிடும்.

காலர் தைக்க வந்த புதியவளுக்குத்தான் அந்தப் பட்டம். பாத்ரூம் என்று சொல்லிவிட்டு அடிக்கடி எழுந்து போவாள். போனால் லேசில் திரும்ப மாட்டாள். வந்தாலும் யாரோடும் பேச்சு இல்லை.

அவள் காலரை முடித்துத் தள்ளினால்தான் அடுத்த மெஷின்காரி சட்டைக்குக் கை தைக்க முடியும். நேற்றும் வரிசைக்குக் குறித்த சட்டைக் கணக்கு எட்டவில்லை. திட்டு மட்டும் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது.

கை தைப்பவளுக்கு இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், இங்கே கொஞ்சம் வாங்க."

சூப்பர்வைசர் வந்தார்.

"இவங்களால நாங்க பேச்சு வாங்கறோம் சார். நானும்தான் கைக்குழந்தையைக் கீழே கம்பெனி ஆயாகிட்டே விட்டுட்டு வர்றேன். புட்டியில பாலைக் குடுத்துட்டு வந்து உட்கார்ந்தா, சாயங்காலம் வரைக்கும் அசையறேனா? இவங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"ஆமா சார், ஆமா சார்" என்றது வரிசை.

"அப்படி என்னம்மா அடிக்கடி? உடம்புக்கு ஏதாவதா?"

புதியவள் கை தைப்பவளையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதிலே இல்லையா? சரி, கிளம்பு. நாளைக்கும் வர வேண்டாம்."

"போயிடறேன் சார். ஒரே ஒரு தடவை கீழே போயிட்டு..."

"போறப்பகூட பாத்ரூமா?"

மறுபடியும் சிரிப்பு. காவலாளி வந்து அவளை வெளியே கொண்டுபோய் விட்டார்.

"இனிமே ஒருத்தரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.

காலர் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள். அன்றைக்குக் கணக்கு எட்டியது.

"எல்லாம் உன்னாலேதான்டி" என்று பட்டன் தைப்பவள் தோளில் தட்டினாள். கை தைப்பவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கீழே ஓடினாள்.

குழந்தை அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் ஆயாவின் மடியில் துவண்டு கிடந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஐயோ, என்னக்கா ஆச்சு? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"ஆள் அனுப்பினேனே! யாரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு உத்தரவாம். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

"புட்டியில பால் இருந்ததே?"

"உன் பிள்ளை என்னைக்குப் புட்டியை வாயில வச்சிருக்கு? துப்பிடும். தினமும் கொட்டிட்டுத்தான் கழுவி வைக்கிறேன்."

"அப்போ... இத்தனை நாளா?"

ஆயா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெத்த குழந்தையை மண்ணுக்குக் குடுத்துட்டு, கட்டின பாலோட வேலைக்கு வந்தவம்மா அவ. உன் பிள்ளை கதறினது பொறுக்காம எடுத்து மார்ல போட்டுக்கிட்டா. வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும், உனக்குத் தெரிஞ்சா வேலையில மனசு நிக்காதுன்னு நாங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் மூச்சு விடலை. உங்க வரிசையில காலர் தைக்கிறவதான்... இன்னைக்கு ஏம்மா அவ வரவே இல்லை?"