இரட்டை விலைக்காரர்

"பாதி விலைக்குத் தர்றேன்னு ஒரு கம்பெனி நிக்குது. அதை விட்டுட்டு இரட்டை விலை கேக்கறவங்ககிட்ட எதுக்கு சார் வாங்கறோம்?"

கூட்ட அறையில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

கேட்டவள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். படித்த இடத்தில் பேராசிரியர்களையே மடக்கியவள். சும்மா இரு என்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

கேட்கப்பட்டவர் சுகாதாரத் துறையின் கொள்முதல் அதிகாரி. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். எதிரே இரட்டை விலைக் கம்பெனியின் மேனேஜர், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கையெழுத்துக்குக் காத்திருந்தார்.

வாங்கப்போவது ஒரு மென்பொருள். எந்த மருந்து எங்கே இருக்கிறது, எங்கே தீர்ந்துவிட்டது என்று உடனுக்குடன் காட்டும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறது.

"உட்காரும்மா" என்றார் அதிகாரி.

"பதில் சொல்லுங்க, உட்கார்றேன். ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது?"

"அதெல்லாம் பார்த்தாச்சு."

"யார் பார்த்தது சார்? நீங்களே கேக்கறீங்க, நீங்களே பார்க்கறீங்க, நீங்களே கையெழுத்துப் போடறீங்க. நாங்க எல்லாம் எதுக்கு, நாற்காலி சூடு ஆறாம பார்த்துக்கறதுக்கா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"எங்க அக்கா ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். போன வாரம் பாம்பு கடிச்சு ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. மருந்து இல்ல. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில இருந்திருக்கு, ஆனா இவங்களுக்குத் தெரியல. எங்கெங்கேயோ அலைஞ்சு கடைசியில அந்த ஆளுக்குக் காலே போச்சு. அந்த மாதிரி சின்ன ஆஸ்பத்திரிங்களுக்கும் இதே மென்பொருளை..."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெளியே போம்மா!"

கல்லுளிமங்கன் குரலை உயர்த்தி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நடைபாதைக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பட்டப்பகல் கொள்ளைக்கா. உன் ஆஸ்பத்திரி பேச்சை எடுத்ததும் ஆளுக்கு எப்படிச் சுருக்குனு வந்துச்சு தெரியுமா? நான் விடப் போறதில்ல. லஞ்ச ஒழிப்புக்கு எழுதப் போறேன்."

"வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம்கூட வாங்கலடி நீ."

"வாங்கலைன்னா போகுது."

போனை வைத்துவிட்டு, நின்ற நிலையிலேயே புகாரைத் தட்டத் தொடங்கினாள். பாதியில் கதவு திறந்தது. மேனேஜர் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"முடிஞ்சுது சார். வினோதமான ஆளு. வாங்கின மென்பொருளை எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் குடுத்துக்கலாம்னு ஒரு நிபந்தனை, அதுக்குத்தான் இந்த விலை. தாராளமா எழுதிக் குடுத்துட்டேன். எந்த ஊர்ல சார் ஒரு ஆபீஸ் பக்கத்து ஆபீசுக்கு ஒரு ஆணியாவது குடுத்திருக்கு? ஒரே சரக்கை ஒரே அரசாங்கத்துக்கு ஒன்பது தடவை வித்து வயிறு வளர்க்கறவங்கதானே நாம?"

அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. ஒன்பது தடவை! மக்கள் பணம் இவர்களுக்கு அவ்வளவு இளக்காரமா?

மேனேஜர் படியிறங்கிப் போனதும் அதிகாரி வெளியே வந்தார். வழியை மறித்து நின்றாள்.

"உபயோகப்படுத்தாத நிபந்தனைக்கு இரட்டை விலையா சார்? அந்த ஆள் சிரிச்சுட்டுப் போறான். நான் புகார் எழுதிட்டேன்."

"அனுப்பும்மா. அதுக்கு முன்னாடி உங்க அக்காவுக்கு ஒரு போன் போடு. அங்கே இருக்கற கம்ப்யூட்டர் வேலை செய்யுதான்னு கேளு."

"எதுக்கு?"

"சாயங்காலம் அவங்களுக்கும் இதை ஏத்திடலாம். மத்த சின்ன ஆஸ்பத்திரிங்களுக்கு நான் பேசறேன். பாதி விலைக்காரன் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியா காசு கேட்டான். இதுல இனிமே யாரும் காலணா தர வேண்டாம்."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். புகார் இன்னும் திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

"இதை உள்ளேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நான் வாயை மூடிட்டு உட்கார்ந்திருப்பேனே."

"நீ உட்கார்ந்திருப்பே" என்றார் அவர், படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு. "ஒரு ஆபீஸ் நிஜமாவே பக்கத்து ஆபீசுக்குக் குடுக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, அந்த ஆள் கையெழுத்துப் போட்டிருப்பாரா?"